மெயினை அணைச்ச பிறகும் எரிஞ்ச டெஸ்டர்

குருவிட்டைக்கு மேல இருக்கிற ரப்பர் தோட்டத்துல அனிற்றானு கேட்டுப் பாருங்க, "யாரு, நம்ம பாஸம்மாவா?"னு சிரிப்பாங்க. கைவேலை தெரிஞ்சவங்களை அங்க 'பாஸ்'னுதான் சொல்வாங்க. காலையில பால் வெட்டப் போறவதான். ஆனா கல்யாணத்துக்கு முன்ன கொழும்புல ஒரு லைட் கடையில நின்னு வேலை பழகினவ. லயத்து வரிசை வீடுகள்ல ஹோல்டர் கருகினாலும் சுவிட்ச் உடைஞ்சாலும் ஆம்பளைங்க வெட்கத்தை விட்டு அவளைத்தான் கூப்பிடுவாங்க. அவளும் திட்டிக்கிட்டே வருவா. "சிவப்பு கரண்ட், கறுப்பு நியூட்ரல்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. சுவிட்சுக்குப் போயிட்டு வர்ற கறுப்புலயும் கரண்ட் வரும். டெஸ்டர் வைக்காம ஒரு வயரையும் தொடாதீங்க!"

பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவோட மகளைப் பொண்ணு பார்க்க ஓப்பநாயக்கவில இருந்து ஆளுங்க வர்றதா இருந்துச்சு. முன் காம்பரா ரூமுக்குப் புது லைட் வாங்கி வச்சிருந்தாங்க. அந்தக் காம்பரா மூணு வருஷமா இருட்டு. வெள்ளையம்மா புருஷன் இருளப்பன் அங்கதான் விழுந்தாரு. லைட் மாத்த மேசையில ஏறினவரு, வாசப்படியில மண்டை அடிபட்டு, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிட்டாரு.

மெயின் சுவிட்ச் ஓஃப்லதான் இருந்துச்சு, அதை எல்லாருமே பார்த்தாங்க. அப்ப கரண்ட் எப்படி அடிக்கும்? தண்ணி போட்டுட்டுத்தான் ஏறியிருக்காருனு லயமே முடிவு கட்டிருச்சு. ஒருத்தராவது வாயை மோந்து பார்த்தாங்களா? இல்ல. மகள் தலையில அடிச்சு சத்தியம் பண்ணிக் குடியை விட்ட மனுஷன், கடைசியில சத்தியத்தை மீறிச் செத்த குடிகாரன்னு பேர் வாங்கினாரு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அனிற்றாவும் அப்படித்தான் பேசினா.

இப்ப அந்தப் புது லைட்டை மாட்ட வந்த அனிற்றா, முதல்ல தன் வீட்டு பிளக்ல டெஸ்டரைக் குத்தி, அது எரியுதானு பார்த்துட்டுத்தான் வந்தா. வெள்ளையம்மா வீட்டு மெயினை அணைச்சா. ஃபேன் நின்னுச்சு. மேசையில ஏறி, இருளப்பன் விழுந்த அன்னைக்கு யாரோ சுத்திவிட்ட டேப்பை மட்டும் பக்குவமா உரிச்சா. கறுப்புல டெஸ்டரை வச்சா, ஒன்னுமில்ல. சிவப்புல வச்சா, பளிச்னு எரியுது!

சட்டுனு டெஸ்டரை எடுத்துட்டா.

"அக்கா! மெயினைப் போட்டீங்களா?"

"நான் எங்க போட்டேன்? இங்கதானே நிக்கிறேன்!"

இறங்கி வந்து பார்த்தா மெயின் ஓஃப்லதான் இருக்கு. மறுபடி ஏறி வச்சா மறுபடியும் எரியுது. கூரைப் பலகை ஒன்னைத் தள்ளி போன் லைட்டை அடிச்சா. சிவப்பு வயர் வெள்ளையம்மா வீட்டு போர்டு பக்கம் போகவே இல்ல. நடுச்சுவரைத் தாண்டி நேரா அனிற்றா வீட்டுக்குள்ள போகுது! ஒரு காலத்துல ரெண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். தனி மீட்டர் வந்தப்போ எவனோ ஒரு புண்ணியவான் இந்த ஒரு லைட்டை மட்டும் மாத்தாம விட்டுட்டுப் போயிருக்கான்.

அனிற்றா ஓடிப்போய்த் தன் வீட்டு மெயினை அணைச்சா. திரும்பி வந்து வச்சா, டெஸ்டர் எரியல.

அப்பதான் அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்துச்சு. சமைச்சுக்கிட்டு இருந்தப்போ கரண்ட் எங்கயாவது கசிஞ்சா தானா விழுற அவ வீட்டு ட்ரிப் சுவிட்ச் டக்குனு விழுந்து, பாடிக்கிட்டு இருந்த ரேடியோ நின்னுச்சு. "சனியன் பிடிச்ச கரண்ட்"னு திட்டிக்கிட்டே மேல தள்ளிவிட்டா. அதுக்கப்புறம்தான் பக்கத்து வீட்டுல அலறல் கேட்டுச்சு. ட்ரிப் விழறதும் மனுஷன் விழறதும் ஒன்னுனு அன்னைக்கு யாரு நினைச்சா? மாதாவே, என் வீட்டுக் கரண்டா அவரைத் தூக்கி எறிஞ்சுச்சுனு தனக்குள்ளேயே கேட்டுக்கிட்டா. சொல்லாம மறைச்சிடலாமானு கூட ஒரு நிமிஷம் தோணுச்சு. மேசையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற வெள்ளையம்மா முகத்தைப் பார்த்தா, முடியல.

இறங்கி, கையைப் பிடிச்சு உட்கார வச்சு, ஒன்னுவிடாம சொன்னா. "அண்ணன் மெயினை ஒழுங்காத்தான் அணைச்சிருக்காருக்கா. கரண்ட் எங்க வீட்டுல இருந்து வந்திருக்கு. அதுதான் அவரைக் கீழ தள்ளிருக்கு."

வெள்ளையம்மா கூரையைப் பார்த்தா. சுவரைப் பார்த்தா. கத்துவா, தன் முடியைப் பிடிச்சு உலுக்குவானு அனிற்றா காத்திருந்தா. வெள்ளையம்மா கேட்டது ஒன்னே ஒன்னுதான்.

"அப்ப அவரு குடிக்கலியா?"

"இல்லக்கா."

"பொணத்தைத் தூக்கிறப்போ கூட நான் அழலயே, தங்கச்சி. 'சத்தியத்தைத் தின்ன குடிகாரா, போ'னு எல்லாரும் கேக்கத் திட்டித்தானே அனுப்பினேன்."