நடுவாசலில் குறையும் சிக்னல்

வைஃபை சிக்னல் சுவர் தாண்டும்போது எவ்வளவு குறையும் என்று கணிப்பது என் வேலை. எந்தப் புதுக் கணிப்பு மாடலையும் முதலில் அருமனையில் உள்ள எங்கள் வீட்டில்தான் அளந்து பார்ப்பேன். ரூட்டர் முன்னறையில். அடுக்களையில் மட்டும் கணிப்பைவிடக் குறைவாகவே வரும். பழைய சுவரைத்தான் திட்டினேன். கடைசியில் பார்த்தால், இரண்டு அறைக்கும் இடையே நடுவாசலில் என் மனைவி உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கின் தொலியைச் சீவிக்கொண்டிருக்கிறாள். மனித உடம்பும் சிக்னலைக் குடிக்கும்.

“கொஞ்சம் தள்ளி இரி” என்றேன்.

“ஒமக்க கணக்குல என்னையும் சேத்துக்கிடும்” என்றாள். சேர்த்தேன். கணக்கு சரியாக வந்தது.

இப்போது அவள் குவைத்தில் நர்ஸ். அடுக்களையில் எரிச்சல் வருமளவுக்கு நல்ல சிக்னல். அங்கே நின்றுதான் போனில் அவள் முகத்தைப் பார்க்கிறேன். “தெளிவா தெரியுதா?” என்று கேட்கிறாள். தெரிகிறது என்கிறேன். மாடலில் மட்டும் அவளை நடுவாசலிலிருந்து எழுப்ப எனக்கு மனமில்லை.