குழலி டீச்சரின் மூன்றாவது சுற்று

ஏலவார்குழலி என்று முழுப் பெயரையும் சொல்ல எங்கள் பள்ளியில் யாருக்கும் பொறுமை கிடையாது. குழலி டீச்சர், அவ்வளவுதான். பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண் பியானோ வாசிக்கிறாள் என்றால் காஞ்சிபுரத்தில் ஏற இறங்கத்தான் பார்ப்பார்கள். வேலூரில் மிஷன் விடுதியில் படித்தபோது கற்றுக்கொண்டது. எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் ஒரு பழைய பியானோ இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு அழத்தான் இங்கே பாட்டு டீச்சராக வந்தாய் என்று அவளைக் கிண்டல் செய்வேன். நான் கணக்கு டீச்சர், சங்கீதத்தில் ஞானசூனியம்.

எனக்கே பிடித்துப்போகிற மாதிரி அவள் சொந்தமாக ஒன்றை அமைத்திருந்தாள். வார்த்தை கிடையாது, வெறும் பியானோ. ஒரே மெட்டு நான்கு சுற்று வரும். மூன்றாவது சுற்றின் நடுவில் சட்டென்று நின்றுவிடுவாள். விரல்கள் கட்டைகளின் மேலேயே இருக்கும். பிறகு மெல்லத் தொடர்வாள். சில நாள் சின்ன நிறுத்தம்தான். சில நாள் அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைக்கிற அளவுக்கு நீளும்.

ஏன் நிறுத்துகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். தொண்ணூற்று நாலில் போய்ச் சேர்ந்த மகள் சங்கீதாவைப் பற்றிச் சொன்னாள். ஐந்து வயது, வீசிங். ஒரு மூச்சு வெளியே போனால் அடுத்தது வருகிறதா என்று பார்த்தபடியே பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளாம்.

"நடுவுல நிக்கிறது இதுக்குத்தான்னு வூட்டுக்காரர்கிட்ட சொன்னதே இல்ல டீச்சர். தாங்க மாட்டாரு" என்றாள்.

இரண்டாயிரத்து இரண்டில் குழலிக்கு முடக்குவாதம் வந்தது. விரல் கணுக்கள் வீங்கத் தொடங்கின. கை நன்றாக இருக்கும்போதே பதிந்து வைத்துவிடலாம் என்று சொன்னவர் கணவர் குமாரவேல்தான். தங்கமான மனுஷர். வீட்டிலேயே கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறவர். இரவல் கீபோர்டு ஒன்றைக் கம்ப்யூட்டரோடு இணைத்து அவளை வாசிக்கச் சொன்னார்.

அவள் வாசித்ததெல்லாம் திரையில் கட்டம் கட்டமாக விழுந்தது. குமாரவேல் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது கட்டங்களைத்தான். பார்டரில் நான்கு மயில் வந்தால் நான்கும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்றில் இடைவெளி விழுந்தாலும் சேலையைத் தள்ளிவிடுவார்கள். மூன்றாவது சுற்றில் வெறும் கட்டங்களைப் பார்த்ததும், பாவம், வலியில் கை நின்றுபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். சொன்னால் அவள் மனசு கஷ்டப்படும் என்று சத்தமில்லாமல் இடைவெளியை மூடி, நான்கு சுற்றையும் ஒன்றாக்கிவிட்டார். சிடி போட்டு பள்ளிக்கும் கொடுத்தார்.

தலைமையாசிரியைக்கு வாயெல்லாம் பல். "ஒரு பிசிறு இருக்குதா பாருங்க!" தினமும் காலை வணக்கத்தில் அதையே போட்டார்கள். குழலி அதை முதன்முதலில் கேட்டதே அங்கேதான். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  கணவரிடம் போய்க் கேட்டால் அந்த நிறுத்தம் குழந்தையின் மூச்சுக்காக என்று சொல்ல வேண்டிவரும். அதனால் கேட்கவில்லை.

"ஆண்டு விழாவுல நானே வாசிக்கிறேன் டீச்சர். சரியானத ஒரு தபா எல்லாரும் கேக்கட்டும். அப்புறம் இந்தக் கை போனா போவட்டும்."

சிடி இருக்கும்போது எதற்கு வீண் வம்பு என்று தலைமையாசிரியை இழுத்தார். நான் சண்டை போட்டு அனுமதி வாங்கினேன்.

விழா அன்று முதல் இரண்டு சுற்றும் தேன். மூன்றாவதில் நின்றாள். பிள்ளைகள் சும்மா இருக்குமா? ஒரு வருஷமாகத் தினமும் கேட்டு மனப்பாடமான மெட்டு. அவள் விட்ட இடத்திலிருந்து கூடமே "லா லா" என்று முணுமுணுத்து முடித்து வைத்தது. பெற்றோர்கள் சிரித்தார்கள். "த்சு, கை வரல போலகீது" என்று என் பின்னாலேயே ஒரு குரல். எனக்கு எரிந்துகொண்டு வந்தது. அவள் காத்துக்கொண்டே இருந்தாள். விரல்கள் இறங்கவே இல்லை. தலைமையாசிரியை கண் ஜாடை காட்ட, சிடியைப் போட்டுவிட்டார்கள். கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. அதற்குப் பிறகு அவள் பியானோவைத் தொடவில்லை.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். வேண்டாம் வேண்டாம் என்று அவள் தடுக்கத் தடுக்க, குமாரவேலிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்.  அவர் நேராகப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். மூன்றாவது சுற்றைத் திறந்து, தாம் மூடிய இடத்தைத் தேடிப் பிடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"இப்பவே சரி பண்ணிடறேம்மா. எத்தினி செகண்டு விடட்டும்?"

"மூச்சு வர்ற வரைக்கும்" என்றாள் குழலி.

"பாப்பாவுக்கு அன்னிக்கு வரவே இல்லியேம்மா."

"நான் வாசிச்சா வரும்ங்க. ஒவ்வொரு தபாவும் வந்துக்கினுதான் இருந்துச்சு. இன்னிக்குத்தான் வரல."