அம்மாவின் நவநாள்கள்

நாட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் குறைந்துவிட்டார்கள் என்று டிவியில் யாராவது கவலைப்படும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்படிக் குறைந்தவர்களில் எங்கள் அம்மாவும் ஒருத்தி.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை நிரந்தரமானபோது எனக்கு ஒன்பது வயது. ராயபுரத்தில் எங்கள் சந்து முழுக்க லட்டு கொடுத்து, "இனிமே எம் பொண்டாட்டி எறா உரிக்கப் போவ மாட்டா. வூட்ல ராணி மாரி இருப்பா" என்று சத்தமாக அறிவித்தார். நிரந்தர வேலைக்காரன் மனைவியைக் காசிமேட்டு இறால் ஷெட்டுக்கு அனுப்பினால் சந்தில் மரியாதை ஏது? எனக்கும் பரம சந்தோஷம். தினமும் சூடான இட்லி, இரட்டைப் பின்னல்.

ராணி இரண்டு வாரம்தான் தாங்கினாள். பிறகு அந்தோணியாருக்கு நவநாள் வேண்டிக்கொண்டதாகச் சொல்லி, விடியும்போதே கோயிலுக்குக் கிளம்பினாள். ஒன்பது நாள் முடிந்ததும் சூசையப்பருக்கு. அவர் முடிந்ததும் செபஸ்தியாருக்கு. புனிதர்களுக்கா பஞ்சம்! பூசைக்குப் போனவள் பத்து மணிக்குத்தான் திரும்புவாள். "ஒரு நாளு வுட மாட்டா, அவ்ளோ பக்தி" என்று அப்பா சந்தில் பெருமையடித்துக்கொள்வார்.

கோடை விடுமுறையில் ஒரு நாள் அம்மா முக்காட்டுத் துணியை மறந்துவிட்டுப் போனாள். மதிய ஷிப்டுக்காக வீட்டிலிருந்த அப்பா, அதை என்னிடம் கொடுத்து அனுப்பினார். கோயிலில் அம்மா இல்லை. வாசலில் மெழுகுவத்தி விற்கும் அக்கா, "உங்கம்மாவா? ஷெட்ல போய்ப் பாரு கண்ணு" என்றாள், ரொம்ப சாதாரணமாக.

ஓடினேன். ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில் பத்துப் பதினைந்து பெண்கள், நடுவில் அம்மா. கை அது பாட்டுக்கு இறாலை உரித்துப் போட, யாரையோ கிண்டல் செய்து தொண்டை கிழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அப்பாகிட்ட சொல்லிடாதடி. தெரிஞ்சா இத்தோட நிறுத்திடுவாரு. அந்த நாலு செவுத்துக்குள்ள என்னால சும்மா குந்திகினு இருக்க முடியல."

அம்மா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. சொல்லிவிட்டால் சூடான இட்லி திரும்ப வரும் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் மனசு வரவில்லை.

நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டார்: "அம்மா இன்னா பண்ணிகினு கீது?"

"முட்டி போட்டு செபம் பண்ணுதுப்பா" என்று கூசாமல் புளுகினேன். அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "பண்ணட்டும், பண்ணட்டும்" என்றார்.

இரண்டு நாள் கழித்து, ஷிப்டுக்குக் கிளம்பும்போது அப்பா பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "கோயில்ல மெழுகுவத்தி ஏத்தி ஏத்தி வெரலெல்லாம் புண்ணா கீது பாரு. இத்தப் போட்டுகினு ஏத்து."

அம்மா அதை வாங்கிக்கொண்டு, அவசரமாக அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

மெழுகுவத்தி ஏற்ற யாராவது கையுறை போடுவார்களா? எங்கள் அப்பா இவ்வளவு வெகுளியா! அவரை இப்படி ஏமாற்றுகிறோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று சாயங்கால செபத்தில், பாவம், அவருக்குக் கொஞ்சம் புத்தி கொடு மாதாவே என்று மனமுருக வேண்டிக்கொண்டேன்.