வெள்ளைக்காரருக்கு நான் பார்த்துக்கொடுத்த தீவு

இங்கிலாந்தில் எங்கே போகலாம் என்று ஓர் இங்கிலாந்துக்காரருக்கே யோசனை சொன்னவன் நான். அன்றுவரை நான் கண்ட ஒரே அயல்நாடு பாண்டிச்சேரி. அங்கேயும் ஒரு பகல் இருந்துவிட்டு, தலைவலியோடு கடைசிக்கு முந்தைய பஸ்ஸில் திரும்பியவன். இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் நெஞ்சுக்குள் புளித்த ஏப்பம் ஒன்று எழும்புகிறது. சிலருக்குப் பழைய காதல் நினைவுக்கு வரும். எனக்கு இது வருகிறது.

1991. ஸ்ரீபெரும்புதூருக்கும் தண்டலத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு கியர் தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பிரிவு எனக்கு. குன்றத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வருவேன். போகவர ஆங்கில நாவல் படிப்பேன். படிப்பேன் என்பது பாதி உண்மை. அட்டை நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அது முழு உண்மை. பஸ்ஸில் இருந்த அறுபது பேரில் ஒருவரும் அந்த அட்டையைத் திரும்பிப் பார்த்ததில்லை. வல்லம் பக்கத்துப் பச்சை வயல்களைக் கூட நான் பார்க்கவில்லை. இங்கிலாந்துப் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தேன்.

எங்களுக்குப் புது மெஷின்கள் பொருத்திக் கற்றுக்கொடுக்க வந்தவர் அந்த வெள்ளைக்காரர். பட்டறையிலேயே வளர்ந்த மனிதர், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். அவர் ஊரில் அவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். இங்கே ஒரு மெஷின் முனகினாலும் "சாரைக் கூப்பிடு" என்று ஓடினோம். அது அவருக்குப் பிடித்திருந்தது. அவர் மனைவிக்கு இங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. கம்பெனி பங்களா, பல்லி, மின்வெட்டு, பகல் முழுக்க வாய் பேச ஆளில்லாத இரண்டு வருடம்.

அந்த ஆகஸ்டில் இருவருக்கும் நாலு நாள் வித்தியாசத்தில் அறுபது வயது. ஊருக்குப் போக விடுப்பு வாங்கியிருந்தார். ஒரு நாள் மெஷின் பக்கத்தில் நின்று, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னும் ஒரு வருடம் இங்கே இருக்க எனக்கு ஆசை. அவள் வருவாளா என்று தெரியவில்லை. பிறந்தநாளுக்கு நாங்கள் ரெண்டு பேர் மட்டும் மூன்று நாள் எங்காவது போகப்போகிறோம். அது நன்றாக அமைந்தால் அங்கேயே கேட்டுவிடுவேன். அவள் வரமாட்டேன் என்றால் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான்."

பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "எங்கள் நாட்டைப் பற்றி என்னைவிட நீதான் அதிகம் படித்திருக்கிறாய். எங்கே போகலாம், சொல்லேன்."

அடுத்த வீட்டுக் குழந்தை பாடினால் நாம் "ஆகா" என்பதில்லையா, அந்த ரகம். எனக்கு அது அப்போது புரியவில்லை. நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அந்தத் துடைத்தலை நினைத்தால் இன்றும் என் கையையே கழுவத் தோன்றுகிறது.

அவர் என்னிடம் தனியாகச் சொன்ன விஷயம். மறுநாள் மத்தியானம் அது கேன்டீன் மேஜைமேல் இருந்தது, நான்தான் வைத்தேன். ஆறிப்போய் ஆடை படிந்த சாம்பாருக்கு நடுவில் ஒருவருடைய தாம்பத்தியத்தை வைத்து நாலைந்து பேர் பிசைந்தோம்.

"குளிரா இருக்கணும் சார்," என்றார் ஸ்டோர்ஸ்காரர். "ஊட்டி மாதிரி. ஸ்வெட்டர் போடற எடம். அதுதான் டூரு."

"யோவ், அவுங்க ஊரே ஊட்டிதான்யா," என்றார் இன்னொருவர்.

"அப்ப அத்தவிடக் குளிரா ஒரு எடம் பாரு."

எங்கள் லைன் சூப்பர்வைசர் அத்தனையையும் கையமர்த்தினார். காஞ்சிபுரத்துப் பக்கத்துக்காரர், ஷிஃப்ட் தொடங்கும் முன் பஞ்சாங்கம் பார்க்கிறவர். விரலை நக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "இன்னாங்க பேசறீங்க? அறுபதுன்னா நம்மள்ல திருக்கடையூர். கோயிலு, பக்கத்துலயே கடலு. ரெண்டு பேரையும் ஒக்காரவச்சி தண்ணி ஊத்துவாங்க. அவுங்க ஊர்ல அதுக்கு எது திருக்கடையூரோ அதக் கண்டுபுடி சார். நீதான் பட்ச்சவனாச்சே."

எவ்வளவு அபத்தம்! அதைவிட அபத்தம், நான் கண்டுபிடித்துவிட்டது. என்னிடம் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய வழிகாட்டிப் புத்தகம் ஒன்று இருந்தது. பிரித்தால் பூச்சி எச்சமும் பூஞ்சைத் தூளும் மடியில் கொட்டும். அதில் வடக்குக் கடலோரத்தில் ஒரு தீவு. பழைய மடாலயத்தின் இடிபாடு, சாமியார்கள் வாழ்ந்த புண்ணிய பூமி, குளிர்காற்று. கரையிலிருந்து தீவுக்கு மணல் வழியே ஒரு சாலை. கடல் ஏறினால் சாலை மூழ்கிவிடும், இறங்கினால் திரும்பத் தெரியும். கோயில் இருக்கிறது, கடல் இருக்கிறது, குளிரும் இருக்கிறது. அந்தச் சாலை மூழ்குகிற விஷயத்தைப் படித்து எனக்குப் புல்லரித்தது. சுற்றிலும் தண்ணீர், நடுவில் அறுபது வயதுத் தம்பதி! கிறுக்குக்கும் ரசனைக்கும் வித்தியாசம் தெரியாத வயது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எனக்கு அப்போது நாற்பத்து நாலு.

பயணத் திட்டத்தை நானே தட்டச்சு செய்தேன். தீவுக்குப் போகும் நாள் வெள்ளிக்கிழமை. சூப்பர்வைசர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழம பத்தரையிலேர்ந்து பன்னெண்டு ராகுகாலம். அப்பால மூணு மணிக்கு எமகண்டம். பன்னெண்டேகாலுக்கு வண்டி கடலுக்குள்ள எறங்கட்டும். போடு."

"அவுங்க கடியாரத்துக்கா, நம்ம கடியாரத்துக்கா?" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

"ராகு எந்த ஊர்ல கீறானோ அந்த ஊர் கடியாரம்."

இந்த மாதிரி சமாசாரங்களைக் கிண்டலடிக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. 'பன்னிரண்டு பதினைந்து' என்று தட்டி, அடிக்கோடும் போட்டேன். கடல் ஏறும் நேரம் என்று ஒன்று இருக்குமே, அதை எங்கே பார்ப்பது என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஊர்க்காரருக்குத் தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளைக்காரர் தாளை வாங்கி அடிக்கோட்டைப் பார்த்தார். அவர் எங்களிடம் இரண்டு வருடம் பழகியவர். ஒவ்வொரு மெஷினையும் நாங்கள் பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, நேரம் பார்த்துத்தான் ஓட்டினோம். அவரும் சுவிட்சுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, ராகு போகட்டும் என்று காத்து நிற்பார். "நல்ல நேரமா?" என்று கேட்டார். சூப்பர்வைசர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் மனைவியிடம் எங்களில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. விமான நிலையத்துக்குக் கார் கிளம்பும்போது கையாட்டினோம், அவ்வளவுதான்.

செப்டம்பரில் அவர் வந்தார், தனியாக.

அவர் கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவரோ ஏதோ இன்னொருவருக்கு நடந்த வேடிக்கை மாதிரி சொன்னார். வெள்ளிக்கிழமை அவர்கள் கடலோரம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. சாலை காய்ந்து கிடந்தது, மற்ற கார்கள் போய்க்கொண்டிருந்தன. மனைவி, போகலாமே என்றார். இவர் தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார். அத்தனை பேர் கூடி உட்கார்ந்து குறித்துக் கொடுத்த நேரம், மீறினால் அவர்களுக்கு மரியாதையில்லை என்று சொல்லியிருக்கிறார். காருக்குள் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தார்கள். பன்னிரண்டேகாலுக்கு, ராகு விலகியதும், வண்டியை மணல் சாலையில் இறக்கினார்கள். பக்கத்தில் கடல் ஏறும் நேரம் எழுதிய ஒரு பலகை இருந்ததாம். அதன்படி பாதை பன்னிரண்டு மணியோடு சரி.

பாதி தூரத்தில் சக்கரத்துக்குத் தண்ணீர் வந்தது. கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் நின்றது. அப்படி மாட்டுகிறவர்களுக்காகவே அங்கே மரக்கால்களின்மேல் ஒரு சின்னக் கூண்டு கட்டி வைத்திருக்கிறார்கள். ஏணி வழியே அதில் ஏறி உட்கார்ந்தார்கள். ஐந்து மணி நேரம். அழுகிய கடற்பாசி நாற்றம், பறவை எச்சம், பக்கவாட்டில் அடித்த மழை. கீழே வாடகைக் கார் கூரை வரை தண்ணீரில். அந்த வெள்ளிக்கிழமைதான் அந்த அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள். நாங்கள் விரும்பிய மாதிரியே உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள்.

"அங்கே கேட்டீர்களா?" என்றேன்.

"கேட்க வேண்டியிருக்கவில்லை," என்றார். "கூண்டில் உட்கார்ந்து அவளே சொல்லிவிட்டாள். ரொம்பச் சாந்தமாக."

மாதக் கடைசியில் கிளம்பப்போவதாகச் சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து என் தாளை எடுத்துக் கொடுத்தார். உப்பு பூத்து, மடிப்பில் கிழிந்து, மீன் வாடை அடித்தது. எனக்கு ஞாபகார்த்தமாக இருக்கட்டுமாம். அதில் அடிக்கோடு மட்டும் அழியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க எனக்கு அருவருப்பாக இருந்தது. மனிதர் கரும்பலகையில் என் முட்டாள்தனத்தை எழுதிப் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சூப்பர்வைசருக்கு உறுத்தல் ஏதும் இல்லை. "உசுருக்கு ஆபத்தில்லாம திரும்புனாங்க பாத்தியா? நேரம்தான் சார் காப்பாத்துச்சி," என்றார். அன்று மாலையே பிரிவு உபசாரத்துக்குச் சந்தன மாலையா, பித்தளை விளக்கா என்று கேன்டீனில் பிசைய ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் எழுந்து வெளியே வந்தேன். வாசலில் டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வல்லத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இரண்டு வருடமாக அந்த அம்மாவைக் கடைக்கும் சர்ச்சுக்கும் கூட்டிப்போனவர். எல்லாம் கேள்விப்பட்டிருந்தார்.

"அந்தம்மாவுக்கு எங்கயும் போவ ஆசயே இல்ல சார்," என்றார், கண்ணாடியில் ஊதித் தேய்த்துக்கொண்டே. "அவங்க அக்கா வூட்டுத் தோட்டத்துல ஒரு சேர் போட்டு நாலு நாள் சும்மா ஒக்காந்தா போதும், அப்பால இன்னும் ஒரு வருசம் இங்க ஓட்டிடுவேன்னுச்சு. ஈஸ்டருக்கு சர்ச்சுக்கு இட்டுகினு போசொல்லோ எங்கிட்ட சொல்லிச்சு."

"அட, இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லலாம்னுதான் பஸ்சாண்ட வந்தேன் சார். நீங்க புக்கு பட்ச்சிகினு இருந்தீங்க."