முஸ்யோகி கொண்டுவந்த முழுப் புட்டி

நைரோபி வெயிலில் கம்பளி ஸ்வெட்டரை மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்ட பிறகுதான் முஸ்யோகி வண்டியின் ஏசிக் குமிழைத் திருகுவார், கடைசிவரைக்கும். பின்னால் ஈயக் குடுவைக்குள் கதிரியக்க மருந்துப் புட்டி இருக்கிறது. பால் திரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுபோல் நான்கு வருடமாக அதைப் பார்த்துக்கொள்கிறார்.

மருந்து பிறப்பது சைக்ளோட்ரானில். அணுத்துகள்களைச் சுற்றிச் சுற்றி விரட்டி, துளித் தண்ணீரில் மோதவிடும் இயந்திரம் அது. அந்த மோதலில் பிறப்பதைச் சர்க்கரையோடு சேர்த்து உடம்பில் ஏற்றினால், புற்றுநோய் இருக்கும் இடம் படத்தில் ஒளிரும். ஆனால் இரண்டு மணி நேரம் ஆவதற்குள் மருந்து பாதியாகிவிடும். இந்தப் பாதிதான் முஸ்யோகிக்குப் பிடிபடவே இல்லை.

"ஒழுகல, ஆவியாகல. தூக்கிப் பாத்தா அதே கனம். அப்புறம் பாதி எங்க போகுது?"

"வீரியம்தாண்ணே போகுது, தண்ணி அப்படியேதான் இருக்கும். சூடு, குளிர் எதுக்கும் அது மசியாது" என்று மச்சாகோஸ் மருத்துவமனையில் மருந்தை வாங்கிக்கொள்ளும் வான்ஸா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். அவரும் தலையாட்டிவிட்டு வந்து ஏசியைப் போடுவார்.

அன்று மொம்பாசா சாலையில் லாரிகள் அசையவில்லை. பழைய வண்டி, முழு ஏசி, போதாததற்கு ஏற்றம். எஞ்சின் கொதித்துப் புகைந்தது. ஆறவைத்து, தண்ணீர் ஊற்றிக் கிளம்புவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது.

வான்ஸா வீரியத்தை அளந்து பார்த்தாள். "அஞ்சு பேருக்கு வரணும். நாலு பேருக்குத்தான் தேறும்."

ஐந்தாவது ஆள் கலேக்யே, கிட்டுயியிலிருந்து பஸ் பிடித்து வந்தவள். ஊசிக்கு முன் சாப்பிடக் கூடாதென்று நேற்று ராத்திரியிலிருந்து பட்டினி. இன்று படம் எடுத்தால்தான் வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. தவறினால் அடுத்த தேதிக்கு ஒரு மாதம் ஆகும்.

"வழியில கொட்டிருச்சா தம்பி?"

"இல்லம்மா. ஒரு சொட்டுகூடக் கொட்டல."

"அப்ப ஏன் எனக்கு மட்டும் இல்லங்கிறாங்க?"

முஸ்யோகிக்கு எஞ்சின் கொதித்த கதைதான் தெரியும். மருந்து எங்கே போனதென்று யாரைக் கேட்பது? வெட்கமாக இருந்தது. வாசல் கடைக்குப் போய்ப் பால் தேநீரும் எண்ணெயில் பொரித்த இரண்டு மண்டாசியும் வாங்கி வந்து அவளிடம் நீட்டினார்.

"குடிங்கம்மா. இனிமே சாப்பிடலாம்."

கலேக்யே கோப்பையைப் பார்த்தாள், ஊசி போடும் அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.