எட்டாம் நம்பர் கதவு

கேமரன் மலைக்கு நான் ஸ்ட்ராபெரி பறிக்கப் போகவில்லை. எண்பது வருடத்துக்கு மேல் தள்ளிப்போன ஒரு காரியத்துக்காக, போன புரட்டாசி அமாவாசையன்று போனேன்.

ஈப்போவில் காலை எட்டு மணி பஸ், 25 ரிங்கிட். பத்தேகாலுக்குப் பிரிஞ்சாங். அங்கிருந்து தோட்டம் ஒன்பது கிலோமீட்டர். டாக்சி 30 ரிங்கிட். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகவேண்டும் என்றேன்.

"பழைய லயத்துக்கா தங்கச்சி? அத செவ்வாக்கெழம இடிக்கிறாங்களே. போட்டோ எடுக்கவா?" என்றார் டிரைவர்.

"சொந்தக்காரங்க வீடு" என்றேன். அவர் ரேடியோவைக் குறைத்துவிட்டார்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட இங்கிருந்தும் ஆள் பிடித்தார்கள். மூன்று மாத வேலை என்றுதான் சொன்னார்களாம். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வாசித்த பெயர் என் கொள்ளுத்தாத்தாவுடையது. அவர் காய்ச்சலில் கிடந்ததால் தம்பி லாரி ஏறினார். திரும்பவில்லை, செத்த சேதியும் வரவில்லை. தம்பி மனைவி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. பொட்டும் பூவுமாகத்தான் எரித்தார்கள். தோட்டத்தில் புது வீடு கொடுத்தபோதும் அவர் போகவில்லை. புருஷன் வந்தால் எட்டாம் நம்பர் கதவைத்தானே தட்டுவார்?

நான் தட்டினேன். யாரென்று கேட்காமலே திறந்தார் சின்னத் தாத்தா. தன் அப்பா லாரி ஏறியபோது ஆறு மாதக் குழந்தை அவர். எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போன முதல் ஆள் நான்.

"பெரியப்பாவுக்கு வந்த காய்ச்சல் இப்பதான் எறங்குச்சா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இறந்த நாள் தெரியாதவர்களுக்கு இந்த அமாவாசைதான் திதி. ஓடையோரம், சடங்கு செய்ய வந்த பண்டாரம் சின்னத் தாத்தாவின் கையில் எள்ளை வைத்தார். அவர் விரல்களை மூடிக்கொண்டார்.

"தண்ணி ஊத்துங்க ஐயா" என்றார் பண்டாரம்.

"ஊத்திட்டா நானே அவர கொன்ன மாதிரி லா."

"அப்பா, இருந்தா அவருக்கு நூறு தாண்டியிருக்கும்" என்றார் கூட வந்திருந்த அவர் மகன்.

"எனக்குத் தெரியாதாடா?"

"எங்க வீட்டுக்கும் சேத்து ஊத்துங்க தாத்தா" என்றேன்.

"ஒங்க வீட்டுக்கு என்னா? எல்லாரும் இருக்கீங்க."

"அவரு போனதாலதான் இருக்கோம்."

சின்னத் தாத்தா மூடிய விரல்களைத் திறந்தார். பிறகு ஊற்றினார்.

லயத்தில் சாமான்கள் லாரியில் ஏறியிருந்தன. சின்னத் தாத்தா ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, காலி வீட்டின் கதவில் புது வீட்டு நம்பரை எழுதினார். 23. கீழே ஓர் அம்புக்குறி.

"தபால்காரனுக்கு" என்றார், என்னைப் பார்க்காமல்.

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். வழியில் திரிங்காப் ஊரின் காய்கறி லாரிகளோடு சுற்றுலா வண்டிகளும் சேர்ந்து ஒரு மணி நேரமாவது நிற்கும். திரும்பும் மூன்று மணி பஸ்ஸைக் கிட்டத்தட்ட விட்டிருப்பேன். பகலிலும் ஸ்வெட்டர் வேண்டும். தோட்டத்து வீடுகளில் வழி கேட்கக் கதவைத் தட்டினால், தட்டும்போதே உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள்.