ஆர்ம்ஸ் வந்த கை

வாழைத்தார் லோடு ஏற்றும்போது என் வேலை தூக்கிவிடுவது. கீழே கிடக்கும் தாரை எடுத்துச் சுமக்கிறவன் தோளில் வைக்க வேண்டும். சின்னமனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், லாரிமேல் அடுக்கிய தார் ஒன்று சரிந்தது. காய் நசுங்கினால் வியாபாரி கத்துவார் என்று வலது கையை மடக்கி ஏந்தினேன். பாரம் கையை நீட்டிவிட்டது. முழங்கையின் உள்பக்கம் வாழைமட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

"என்ன மாமா, தாரை ஏந்துறியா, பிள்ளையத் தொட்டில்ல போடுறியா?" என்றான் என் ஜோடிக்காரன். நான் தூக்கிவிடும் தாரைச் சுமக்கிறவன் அவன்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏலத்தோட்டம், திருப்பூர் சாயப்பட்டறை, மேகமலைத் தேயிலை என்று எங்கும் நிலைத்து நில்லாதவன் நான். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு, போன இடத்தில் காட்ட இந்தக் கைகள்தான் உண்டு. தூக்க முடியாது என்று சொன்னால் மறுநாளே வேறு ஆள் நிற்பான். வலியைக் காட்டாமல் பாரத்தை இடது கையில் வாங்கித் தூக்கினேன்.

முழங்கை கறுத்து வீங்கியது. சுளுக்கு என்று நினைத்தேன். எங்கள் பக்கம் சுளுக்குக்கு, பிறக்கும்போது கால் முன்னால் வரப் பிறந்தவர்களை மிதிக்கச் சொல்வோம். கெங்குவார்பட்டியில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா அப்படிப் பிறந்தவர். பலகையில் கையை நீட்டிப் படுத்தேன். சேலையைச் செருகிக்கொண்டு குதிகாலால் நீவி மிதித்தார்.

"இடுப்புப் பிடிப்புன்னா உடனே விட்ரும் தம்பி. கைய நான் மிதிச்சதில்ல. ஆஸ்பத்திரிக்கும் ஒரு எட்டு போயிரு."

மிதி வாங்க மட்டும் திரும்பத் திரும்பப் போனேன்.

வீக்கம் வடிந்தபோது மேல்கைத் தசை தோள் பக்கமாக ஏறிப் பந்துபோல உருண்டு நின்றது. அதற்குக் கீழே பள்ளம்.

"ஏலே, மாமாவுக்கு ஆர்ம்ஸ் வந்துருச்சுடா! எந்த ஜிம்முக்குப் போறாக?"

கூட லோடு ஏற்றுகிறவர்கள் மடக்கிக் காட்டச் சொன்னார்கள். அந்தக் கையால் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முடியாது. ஆனாலும் மடக்கிக் காட்டினேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

கடைசியில் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஒரு பெண் என் முழங்கை மடிப்பில் விரலைக் கொக்கிபோல விட்டுப் பார்த்தாள். கயிறு மாதிரி ஒன்று தட்டுப்பட வேண்டுமாம். விரல் சும்மா வழுக்கியது.

"தசைக்கு இழுக்கத்தான் தெரியும்ணே, தள்ளத் தெரியாது. கைய மடக்க முன்னால ஒண்ணு இழுக்கும், நீட்டப் பின்னால ஒண்ணு இழுக்கும்" என்று பொறுமையாகச் சொன்னாள்.

தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் கோத்துக் கிடக்கின்றனவாம். மூளையின் உத்தரவு நரம்பு வழியே வந்ததும், தடித்த இழையில் இருக்கும் சின்னத் தலைகள் மெல்லியதைப் பற்றி இழுத்து, விட்டு, தள்ளிப் பற்றி மறுபடி இழுக்குமாம். இழை எதுவும் சுருங்குவதில்லை. ஒன்றை ஒன்று உரசி நகர்வதால் தசை குட்டையாகிறது. லாரிக்குத் தார்ப்பாய்க் கயிற்றை நாங்கள் கை மாற்றி மாற்றி இழுப்பது மாதிரிதான். என் தசையும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முழங்கைக்குக் கீழே அதை எலும்போடு கட்டியிருந்த நாண், தார் சரிந்த அன்றைக்கே அறுந்துவிட்டது. அடியில் இன்னொரு தசை இருப்பதால் கை மடங்குகிறது. பாரம் தூக்கவும் உள்ளங்கையை மேலே திருப்பவும்தான் பலம் இல்லை. உடனே வந்திருந்தால் இழுத்துத் தைத்திருக்கலாம். இப்போது தைத்தாலும் பழைய பலத்துக்கு உறுதி இல்லை என்றார் டாக்டர்.

"முன்னாடியே ஏண்ணே வரல?" என்றாள் அந்தப் பெண்.

நான் சட்டையை எடுத்து மாட்டினேன். பித்தானோடு தடுமாறுவதைப் பார்த்து அந்தப் பெண்ணே போட்டுவிட்டாள்.

தோட்டத்துக்குப் போய் ஜோடிக்காரனைத் தனியே கூப்பிட்டேன். "மாப்ள, கைக்குள்ள அறுந்துபோச்சாம்டா. வேற ஆளச் சேத்துக்க."

அவன் தோளில் சும்மாடாகப் போட்டிருந்த துண்டை உதறினான். "தெரியும் மாமா. நீ தூக்குற தாரு என் இடுப்புக்கு மேல வர்றதே இல்ல. நாந்தான குனிஞ்சு வாங்குறேன்."

"ஏன்டா சொல்லல?"

"நீ எல்லாருக்கும் ஆர்ம்ஸ் காட்டிக்கிட்டு நின்ன. அங்கன வச்சு எப்பிடிச் சொல்ல?"

தார் எடுக்கக் குனிந்தான். சட்டை மேலேறியது. இடுப்பில் வலிக்கு ஒட்டும் பிளாஸ்திரி, ஒன்றின்மேல் ஒன்றாக. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. இடது கையால் வாழைச்சருகை அள்ளிக்கொண்டு, காய் நசுங்காமலிருக்க லாரிக்குள் விரிக்கப் போனேன்.